கயாக்கை அளந்துவிட்டுக் கார் பார்க்கப் போங்கள்

கேள்வி: ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். வயது 52, உயரம் ஐந்தடி இரண்டங்குலம். பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறும்போது இரண்டு பிளாஸ்ரிக் கயாக்குகளை (ஒருவர் அமர்ந்து துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய படகு) எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார். பத்தடி நீளம், ஒவ்வொன்றும் 19 கிலோ. போன கோடையில் தெரிந்தவர் ஒருவரின் பிக்கப்பில் ஏற்றிப் போய், நானும் 16 வயது மகளும் பிக்கரிங்கில் ஃபிரெஞ்ச்மன்ஸ் பேயில் துடுப்பு வலித்துப் பழகிவிட்டோம். இனி கவார்த்தா ஏரிகள், அல்கொன்குவின் என்று போக ஆசை. எனக்கென்று பதினான்கடி கயாக் ஒன்றும் வாங்க நினைக்கிறேன். கணவருக்கு முதுகில் ஒப்பரேஷன் நடந்ததால் பாரம் தூக்கக் கூடாது. எங்கள் கொரொல்லாவும் பழசாகிவிட்டது. “பெரிய எஸ்யூவியாக வாங்கு, அதுதான் தாங்கும்” என்கிறார் அண்ணா. வான் வாங்கினால் குடும்பத்துக்கும் உதவும் என்கிறார் கணவர். எந்தக் கார் வாங்கலாம்? கயாக்கைக் கூரையில் ஏற்ற எந்த ரூஃப் ரக் பூட்டலாம்?

பதில்: அன்புள்ள அக்கா, ரூஃப் ரக்கும் இழுவைக் கொழுக்கியும் பூட்டுவது என் தொழில். கயாக் ஏற்றுவதற்காகக் கார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் காரில் தொடங்கிக் கடைசியில் கைக்கு வருவார்கள். நீங்கள் கையில் தொடங்குங்கள். இந்தக் கயாக்குகளை ஏற்றி இறக்கப் போவது நீங்களும் மகளும். நாள் முழுக்கத் துடுப்பு வலித்துக் களைத்த பிறகு, நனைந்த கயாக்கைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியவர்களும் நீங்கள் இருவர்தான். அது உங்களால் முடிகிற காரே உங்களுக்கான கார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெரிய எஸ்யூவி கூடுதலாகத் தாங்கும் என்று அண்ணா சொல்வதைப் பலரும் நம்புகிறார்கள். கூரை எவ்வளவு தாங்கும் என்பதை வாகனத்தின் பருமன் முடிவு செய்வதில்லை. காருடன் வரும் கையேட்டில் கூரைப் பாரம் என்று ஓர் எண் இருக்கும். பல கார்களில் அது 75 கிலோ, அதாவது 165 இறாத்தல். சிலவற்றில் 45 கிலோதான், சிலவற்றில் 100 வரை போகும். மிகப் பெரிய எஸ்யூவி ஒன்றுக்கும் சின்ன ஹட்ச்பக் ஒன்றுக்கும் ஒரே எண் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே வாங்குமுன் விற்பவரிடம் கேட்காமல், கையேட்டைத் திறந்து நீங்களே பாருங்கள். கூரைக்குக் குறுக்கே பூட்டும் குறுக்குக் கம்பிக்கு ஓர் எல்லை உண்டு, கயாக்கைப் பிடிக்க அதன்மேல் பூட்டும் தாங்கிக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை.

விளம்பரங்களில் 600, 700 இறாத்தல் என்று பெரிய எண்கள் கண்ணில் படும். அவை நிறுத்திவைத்த காரின் கூரையில் கூடாரம் விரித்துப் படுப்பவர்களுக்கானவை. ஓடும் காருக்கு அவை பொருந்தாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கயாக்கும் சேர்ந்து 38 கிலோ. கம்பி இரண்டும், அவற்றைக் கூரையோடு பிடிக்கும் கால்கள் நான்குமாக ஏறத்தாழ 7 கிலோ. தாங்கிகள் 4 கிலோ. மொத்தம் 49. கம்பியின் பாரத்தையும் இப்படிச் சேர்த்துக் கணக்கிட்டால் பிழை வராது. 75 கிலோ எல்லையுள்ள காருக்கு இது தாராளம். இதோடு நீங்கள் ஆசைப்படும் பதினான்கடி பிளாஸ்ரிக் கயாக்கைச் சேருங்கள். அந்த வகை 24, 25 கிலோ வரும். மொத்தம் 74 ஆகிவிடும். மழை பெய்து உட்காரும் குழிக்குள் பத்து லீற்றர் தண்ணீர் தேங்கினால் அதுவே பத்துக் கிலோ. மூன்றாவதைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

இப்போது உயரம். கொரொல்லா 1.43 மீற்றர். சுபாரு கிறொஸ்ட்ரெக் 1.6. அவுட்பக் 1.68. ரொயோட்டா ராவ்ஃபோர் 1.70. சுபாரு ஃபொரஸ்ரர் 1.73. சியென்னா வான் அதைவிடவும் சற்று உயரம். இதற்கு மேல் கம்பி பத்து, பன்னிரண்டு சென்ரிமீற்றர் ஏறும். கயாக்கைச் சரித்து நிறுத்தும் ஜே வடிவத் தாங்கியின் மேல் நுனி அதிலிருந்து இன்னும் நாற்பது, ஐம்பது சென்ரிமீற்றர் போகும். உங்கள் உயரமுள்ள ஒருவர் கையை முழுக்க நீட்டினால் இரண்டு மீற்றர் அளவில் தொடலாம். தொடுவது வேறு, அந்த உயரத்தில் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பது வேறு. ராவ்ஃபோரில் ஜே தாங்கி பூட்டினால், கயாக்கின் விளிம்பை அந்த நுனிக்கு மேலால் எடுத்துப் போட உங்கள் கை போதாது. ஏணிப்படி வைத்துச் செய்யலாம்தான். ஆனால் ஏரிக்கரைச் சரளைக் கல்லில் படி ஆடும்போது கையில் 19 கிலோ இருப்பதை நான் விரும்பமாட்டேன்.

அதனால் கார் பார்க்கப் போகும் இடத்தில், ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள். காரின் பக்கவாட்டில் நின்று இரு உள்ளங்கைகளையும் கூரை ரெயிலின்மேல் வையுங்கள். முழங்கை மடிந்த நிலையில் அழுத்த முடிகிறதா? அந்த உயரம் உங்களுக்குச் சரி. கை நேராக நீண்டுவிட்டதா, குதிகால் எழும்பிவிட்டதா? அந்தக் காரை விட்டுவிடுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், அவரும் வைத்துப் பார்க்கட்டும்.

வானைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்துக்கு அதைவிட உதவியான வாகனம் கிடையாது, கூரையும் நீளம். தூக்க இரண்டு பெரிய ஆட்கள் உள்ள வீடென்றால் நானே வானைச் சொல்வேன். உங்கள் வீட்டுக்கு உயரம் இடிக்கிறது.

அடுத்தது கூரையின் அமைப்பு. கம்பியின் கால் எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பொறுத்துக் கூரைகளை நாலு வகையாகப் பிரிப்போம். கூரையிலிருந்து எழும்பி, கீழால் விரல் நுழையும்படி நிற்கும் ரெயில் ஒரு வகை. கூரையோடு ஒட்டிக் கிடக்கும் ரெயில் இன்னொரு வகை. சில கார்களில் சின்ன மூடிக்குள் திருகுத் துளைகள் மட்டும் இருக்கும். கொரொல்லா போன்றவற்றில் ஒன்றும் இராது; கதவுச் சட்டத்தின் விளிம்பைக் கவ்வும் கால்தான் பூட்ட வேண்டும். எழும்பி நிற்கும் ரெயில்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. முன் கம்பியையும் பின் கம்பியையும் வேண்டிய அளவுக்குத் தள்ளித் தள்ளி வைக்கலாம். இடைவெளி கூடக் கூட, கயாக் காற்றில் தலையாட்டுவது குறையும். கதவுச் சட்டத்தைக் கவ்வும் வகையில் இடைவெளியைக் கதவு தீர்மானிக்கிறது, நாங்கள் தீர்மானிக்க முடியாது. 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கயாக் ஏற்ற வேண்டாம்.

என் தெரிவு கிறொஸ்ட்ரெக். எழும்பிய ரெயில் உள்ளதாகப் பார்த்து, பாவித்த கார் வாங்கினாலும் போதும். மகளும் நீங்களும் தூக்கக்கூடிய உயரம், பனிக்கும் உதவும் நான்கு சில்லு இழுவை. நீளம் 4.48 மீற்றர். நீங்கள் நினைக்கும் பதினான்கடிக் கயாக்கே 4.27 மீற்றர்தான், காரைவிடக் குட்டை. ஆகவே “நீளக் கயாக்குக்கு நீளக் கார்” என்று கவலைப்பட வேண்டாம். ஒன்ராறியோ நெடுஞ்சாலைச் சட்டத்தில், பாரம் வாகனத்தின் பின்பக்கம் 1.5 மீற்றரோ அதற்கு மேலோ நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புக் கொடியும், இருட்டினால் சிவப்பு விளக்கும் கட்ட வேண்டும். உங்களுக்கு அந்தத் தேவையும் வராது.

பொருட்களுக்கு இடம் கூட வேண்டுமென்றால் அவுட்பக் நல்லது. பின்பக்கம் விசாலம், கூரை நீளம். ஆனால் அதன் சில ஆண்டு மொடல்களில் ரெயிலுக்குள்ளேயே மடிந்து கிடக்கும் குறுக்குக் கம்பிகள் வருகின்றன. பார்க்க வசதிதான், இடைவெளி குறைவு. பத்தடிக் கயாக்குக்கு ஓடும். பதினான்கடிக்கு நான் வேறு கம்பி பூட்டித்தான் அனுப்புவேன். 2026 மொடல் அவுட்பக் முன்னையதைவிட உயர்ந்து, பெட்டி மாதிரி மாறிவிட்டது. உங்கள் கைக்குப் பழையதே நல்லது.

கார் மாற்ற இன்னும் மாதங்கள் இருக்குமானால், கொரொல்லாவிலேயே இந்தக் கோடையைத் தொடங்கலாம். கையேட்டில் கூரைப் பாரம் பார்த்துவிட்டு வாருங்கள். தூலே, யக்கிமா போன்ற நிறுவனங்களின் ரக் கம்பி வேறு, கால் வேறு, அந்தக் காருக்கான பொருத்து வேறு என்று பிரிந்துதான் வரும். கார் மாறும்போது கம்பியும் தாங்கியும் உங்களோடு வரும். காலையும் பொருத்தையும் மாற்றினால் போதும், பழையதை விற்றும் விடலாம். நுரைக் கட்டையைக் கூரையில் வைத்துப் பட்டியைக் கதவு வழியாக உள்ளே இழுத்துக் கட்டும் மலிவு வழியும் இருக்கிறது. றூஜ் கடற்கரை வரை மெதுவாகப் போக அது போதும். 401 நெடுஞ்சாலையில் அதோடு ஏறாதீர்கள்.

தாங்கிக்கு வருவோம். உங்கள் கயாக் ஒன்று 73 சென்ரிமீற்றர் அகலம் இருக்கலாம். இரண்டையும் தட்டையாக அருகருகே வைக்க ஒன்றரை மீற்றர் வேண்டும், சின்னக் காரின் கம்பி அவ்வளவு நீளம் வராது. ஒன்றைத் தட்டையாகவும் மற்றதை ஜே தாங்கியில் சரித்தும் வைத்தால் இரண்டும் அடங்கும். பிளாஸ்ரிக் கயாக் சரிந்து கிடப்பதுதான் அதன் உடம்புக்கும் நல்லது. பக்கவாட்டில் அது விறைப்பானது. அடிப்பாகம் வெயிலில் இளகி, கம்பி அழுத்திய இடத்தில் குழி விழுந்துவிடும்.

தட்டையாக வைப்பதற்கு, பின் தாங்கியில் வழுக்கும் துணி ஒட்டியதோ உருளை வைத்ததோ வாங்குங்கள். அதன் அருமை தனியாக ஏற்றும் நாளில் தெரியும். காருக்குப் பின்னால், காருக்கு நேராகக் கயாக்கைத் தரையில் போடுங்கள். கூரையின் பின் விளிம்பில் குளியலறை ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டால் பெயின்ற் கீறாது. முதலில் கயாக்கின் முன் நுனியை மட்டும் தூக்கி அந்த விரிப்பில் சாய்த்துவிடுங்கள். பின் நுனி தரையில் நிற்கும், பாதிப் பாரம்தான் உங்கள் கையில். மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், அவசரமில்லை. பிறகு பின்னால் போய்ப் பின் நுனியை இடுப்பளவுக்குத் தூக்கித் தள்ளுங்கள். அது வழுக்கிக்கொண்டு தாங்கியில் ஏறிவிடும். ஒரு கட்டத்திலும் 19 கிலோவும் உங்கள் தலைக்கு மேல் இராது. ஜே தாங்கியில் ஏற்றுவதை மகள் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், ஆளுக்கொரு நுனி.

காரின் பக்கமாக இடுப்பளவுக்கு இறங்கி வந்து, கயாக்கை வாங்கிக்கொண்டு வாயு உருளையின் உதவியோடு மேலேறும் தாங்கிகளும் உண்டு. தூலேயின் ஹலவேற்றர் அப்படிப்பட்டது. உங்கள் வயதிலும் மேலும் உள்ளவர்கள் அதனால் பல ஆண்டு கூடுதலாக ஏரிக்குப் போகிறார்கள், நான் மதிக்கும் கருவி அது. விலை அதிகம். அதுவே ஒரு சோடி பதினைந்து கிலோ வரும், இரண்டு கயாக்குக்கு முப்பது. உங்கள் 49 கிலோக் கணக்கு அப்போது 75ஐத் தொட்டுவிடும். ஒரு பக்கத்துக்கு மட்டும் பூட்டுவதென்றால் யோசிக்கலாம்.

கட்டுவதில் நான் கண்டிப்பானவன். கையால் இழுத்தால் பல்லுக் கவ்விப் பிடிக்கும் கொக்கி வைத்த பட்டி மட்டும் போதும். லொறிக்காரர் பாவிக்கும் றட்செட் பட்டி வேண்டாம். அதன் நெம்பு நீங்கள் உணராமலே கயாக்கை நெரித்துவிடும். பட்டியைக் கயாக்கின் மேலால் எறியும்போது கொக்கி உங்கள் கையில் இருக்கட்டும், வெறும் நுனியை எறியுங்கள். கொக்கி பறந்து கண்ணாடியில் பட்டு வெடித்த கார்கள் கடைக்கு வருகின்றன. மறுபக்கம் போய் நுனியைக் குறுக்குக் கம்பிக்குக் கீழால் எடுத்துத் திரும்பக் கயாக்கின் மேலால் எறியுங்கள். இந்தப் பக்கம் வந்து கம்பிக்குக் கீழால் எடுத்துக் கொக்கிக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுங்கள். பட்டி கம்பியைச் சுற்றும் இடம் கால்களுக்கு உட்பக்கமாக இருக்க வேண்டும், வெளிப்பக்கம் என்றால் நழுவிக் கழன்றுவிடும். காற்றில் படும் பட்டியில் ஒரு முறுக்கு விட்டால், ஓடும்போது உர்ரென்று இரையாது. கடைசியில் கயாக்கின் நடுவைப் பிடித்து உலுக்குங்கள். கயாக் மட்டும் ஆடினால் இன்னும் இறுக்குங்கள். கயாக்கோடு காரும் சேர்ந்து ஆடினால் சரி.

முன் நுனிக்கும் பின் நுனிக்கும் தனிக் கயிறு கட்டச் சொல்வேன். பத்தடிதானே, தேவையில்லை என்று பலர் விடுகிறார்கள். பட்டிகள் கயாக்கைக் கம்பியோடு சேர்த்து வைக்கின்றன, கம்பியே கழன்றால் அவற்றால் பயனில்லை. அந்த நேரத்தில் பின்னால் வரும் குடும்பத்தைக் காப்பாற்றுவது நுனிக் கயிறுகள்தான். முன் கயிற்றைப் பிளாஸ்ரிக் முகப்பில் கட்டாதீர்கள். பொனற்றைத் திறந்தால் ஓரத்தில் போல்ட்டுகள் வரிசையாகத் தெரியும். அவற்றில் ஒன்றின்கீழ், ஓட்டை வைத்த நாடா வளையம் ஒன்றைப் பூட்டலாம், பொனற் மூடியதும் வளையம் வெளியே நீட்டி நிற்கும். வேண்டாத நேரம் உள்ளே மடித்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. கயிற்றை வில்லுப்போல இழுக்க வேண்டாம், தளர்வு எடுத்தால் போதும். மிச்சக் கயிறு சில்லுக்குள் போகாமல் சுற்றி முடியுங்கள்.

புறப்பட்டுப் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஒரு கோப்பிக் கடை வாசலில் நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இழுத்துப் பாருங்கள். புதுப் பட்டி கட்டாயம் சற்று இளகியிருக்கும். அல்கொன்குவினுக்கு 400 நெடுஞ்சாலையில் போகும்போது ஹொலன்ட் மார்ஷ் பகுதியில் இரு பக்கமும் வெட்டவெளி வயல். அங்கே பக்கக் காற்று கயாக்கைப் பிடித்துத் தள்ளும். வலது ஒழுங்கையில், மற்ற நாளைவிட வேகத்தைக் குறைத்துப் போங்கள். பெரிய லொறி கடக்கும்போது முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். கைபிடியை இரு கையாலும் பிடித்திருந்தால் பயமில்லை.

இன்னும் மூன்று விஷயம் காரைப் பற்றி. தானாகத் திறக்கும் பின்கதவு இருந்தால் அது எழும்பிக் கயாக்கில் மோதும். எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று பல கார்களில் அமைக்கலாம், முதல் நாளே அமைத்துவிடுங்கள். சுபாருவில் முன்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கமராக்கள் இருக்கின்றன. கயாக்கின் நுனியோ முன் கயிறோ அவற்றை மறைத்தால் தானியங்கி பிரேக் குழம்பும், அந்தப் பக்கத்தைக் கையேட்டில் வாசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கயாக்கோடு காரின் மொத்த உயரத்தை ஒருமுறை அளவுநாடாவால் அளந்து, ஒரு துண்டில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். இரண்டரை மீற்றர் வரை வரக்கூடும். உங்கள் வீட்டுக் கராஜ் கதவு ஏழடி என்றால் 2.13 மீற்றர்தான். நிலக்கீழ்த் தரிப்பிடங்கள் பலவற்றில் இரண்டு மீற்றரும் இராது. களைத்து வரும் நேரத்தில் கூரையில் என்ன இருக்கிறது என்பது எவருக்கும் மறந்துவிடும்.

மூன்றாவது கயாக்குக்கு என் ஆலோசனை இது. ஒரு கோடை, பதினான்கடிக் கயாக்கை ஏரிக்கரையிலேயே வாடகைக்கு எடுத்து வலித்துப் பாருங்கள். நீளக் கயாக் நேராக ஓடும், திருப்புவது வேறு மாதிரி, பிடிக்குமா என்று அப்போது தெரிந்துவிடும். வாங்குவதென்றால் வார்த்த தடித்த பிளாஸ்ரிக்கை விட்டு, தகட்டைச் சூடாக்கி வடித்த வகையைப் பாருங்கள், இரண்டு மூன்று கிலோ குறையும். பத்தடிகளில் ஒன்றை வீட்டில் விட்டுப் போனால் கூரைக்கும் சிரமமில்லை. மூன்றும் ஒன்றாகப் போகத்தான் வேண்டும் என்றால், கூரையை மறந்துவிட்டுச் சின்னக் கயாக் இழுவை வண்டியைப் பாருங்கள். இடுப்பளவில் ஏற்றி இறக்கலாம். வீட்டில் அதை நிறுத்த இடம் இருக்க வேண்டும், காரின் இழுவை எல்லையையும் பார்க்க வேண்டும். உங்கள் முற்றத்தில் இடமிருந்தால், கணவரின் முதுகை நினைத்து இதையே நான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஏரியிலிருந்து திரும்பும்போது கயாக்கில் ஒட்டிய பாசி, கொடி, சிப்பி எல்லாவற்றையும் அங்கேயே எடுத்துப் போட்டு, தண்ணீரை வடித்த பிறகே காரில் ஏற்றுங்கள். ஸீப்ரா மஸ்ஸல் என்ற சிப்பி போன்றவை ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதைத் தடுக்க ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல் இது சட்டம், கயாக்குக்கும் சேர்த்து. ஐப்பசி பிறந்ததும் ரக்கைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு திருகுகளைத் தின்றுவிடும், வெறும் கம்பி காற்றை மறித்துப் பெற்றோலையும் தின்னும்.

கார் முடிவானதும் அதன் ஆண்டும் மொடலும், கூரை ரெயில் தெரியும்படி ஒரு படமும், கையேட்டில் கூரைப் பாரம் போட்டிருக்கும் பக்கத்தின் படமும் அனுப்புங்கள் அக்கா. பணம் கட்டுவதற்கு முன்பே அனுப்பினால் இன்னும் நல்லது. எந்தக் கால், எவ்வளவு நீளக் கம்பி பொருந்தும் என்று பார்த்து எழுதுகிறேன்.